முளையத்தின் புதிரை அவிழ்த்த மாணவி: ஹில்டே மங்கோல்ட்

பெரும்போக மழை தொடங்கிவிட்டால் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை வயல்வெளிகளில் இரவு முழுவதும் தவளைகளின் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். அடுத்த சில நாட்களில் வரம்போரத்துத் தேங்கு நீரில் கூழ் போன்ற உறைக்குள் சிறு புள்ளிகளாக முட்டைகள் மிதக்கும். பின்னர் அவை வாற்பேத்தைகளாகி வாலசைத்து நீந்தும். சிறு வயதில் இவற்றைப் போத்தலில் பிடித்து வைத்து வேடிக்கை பார்க்காதவர்கள் எம்மில் குறைவு. ஆயினும், உருண்டையான ஒரு முட்டைக்குள் தலை எங்கே அமைய வேண்டும், முதுகு எங்கே, வயிறு எங்கே என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எமக்கு எழுந்ததில்லை. அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைத் திறந்து வைத்தவர், இருபத்தாறு வயதை எட்டுமுன்னரே மறைந்துபோன ஓர் இளம் பெண் ஆவார்.

ஹில்டே மங்கோல்ட் ஜேர்மனியின் கோதா நகரில் 1898 ஒக்டோபர் 20இல் பிறந்தார். பிரோஷோல்ட் என்பது அவரது தந்தைவழிக் குடும்பப் பெயர். தந்தையார் சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர். ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டு அதிக காலம் ஆகியிராத வேளை அது. 1900ஆம் ஆண்டிலேயே பாடன் மாநிலம் முதன்முதலாகப் பெண்களை முழு உரிமையுள்ள மாணவிகளாக ஏற்றது. முதலாம் உலக யுத்தம் முடிவடைந்த காலத்தில் யேனா பல்கலைக்கழகத்தில் கற்கத் தொடங்கிய ஹில்டே, பின்னர் பிராங்பேர்ட் சென்றார். அங்கு அவர் செவிமடுத்த ஒரு விரிவுரை அவரது வாழ்வின் திசையை மாற்றியது. அதனை நிகழ்த்தியவர் முளையவியல் அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமன். அவரிடமே ஆய்வு செய்வதென முடிவெடுத்த ஹில்டே, 1920இல் பாடன் மாநிலத்தின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தை வந்தடைந்தார்.

ஸ்பீமன் அவருக்கு முதலில் வழங்கிய ஆய்வு ஹைட்ரா என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியைப் பற்றியது. அம்முயற்சி கைகூடவில்லை. இத்தகைய ஆரம்பத் தோல்வியோடு ஆய்வைக் கைவிடுவோர் பலர். ஹில்டே வேறொரு தலைப்பைப் பெற்றுக்கொண்டு தொடர்ந்தார். அந்தத் தலைப்பே இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிகப் பெரிய பரிசோதனைகளுள் ஒன்றாக அமைந்தது.

தவளையினதும் அதன் உறவினமான நியூட்டினதும் முளையம் ஆரம்பத்தில் பந்து போன்ற கலத்திரளாக இருக்கும். ஒரு கட்டத்தில் அதன் ஓர் இடத்தில் கலங்கள் உட்புறமாக மடிந்து செல்லத் தொடங்குகின்றன. அவ்விடத்தின் மேலுதட்டுப் பகுதியைச் சிறிதளவு வெட்டியெடுத்து, இன்னொரு முளையத்தின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினால் என்ன நிகழும் என்பதே கேள்வி. ஸ்பீமன் இதனை முன்னரே செய்து பார்த்திருந்தார். எனினும், ஒட்டிய துண்டின் கலங்கள் எவை, ஏற்றுக்கொண்ட முளையத்தின் கலங்கள் எவை என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே, வெளிறிய முட்டையிடும் நியூட் இனமொன்றிலிருந்து துண்டை எடுத்து, கருநிற முட்டையிடும் இன்னோர் இனத்தின் முளையத்தில் ஒட்டும் பணி ஹில்டேயிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறமே இரு தரப்பையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாயிற்று.

இதற்கென அவரிடம் இருந்த கருவிகள் எவை? தீயில் வாட்டி இழுத்த கண்ணாடி ஊசி, குழந்தையின் மெல்லிய தலைமயிரால் செய்த ஒரு சுருக்கு, ஓர் உருப்பெருக்கி. முளையத்தின் அளவோ ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலமாதலால் வெட்டுண்ட முளையங்களிற் பெரும்பாலானவை அழுகி இறந்தன. நியூட் முட்டையிடும் வசந்த காலம் முடிந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 1921, 1922 ஆகிய இரு வசந்தங்களில் அவர் நூற்றுக்கணக்கான தடவைகள் இதனைச் செய்தார். இறுதியில் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விபரிக்கத்தக்கனவாக எஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடிய முளையங்களே.

அச்சிலவே போதுமாயின. ஏற்ற முளையத்தின் வயிற்றுப்புறத்தில், ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல, இரண்டாவது உடலச்சு ஒன்று உருவாகியிருந்தது. அதிலே மூளைக்கும் முண்ணாணுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் காணப்பட்டது. நிறத்தை வைத்துப் பார்த்தபோது, அந்த நரம்புக்குழாயின் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வந்ததன்று என்பது தெளிவாயிற்று. சாதாரணமாக வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டிய ஏற்ற முளையத்தின் கலங்களே நரம்பிழையமாக மாறியிருந்தன. அதாவது, அச்சிறு துண்டு தானே வளர்ந்து உடலாகவில்லை. தன்னைச் சூழ்ந்திருந்த கலங்களைத் தன் பக்கம் திருப்பி, அவற்றைக் கொண்டு ஓர் உடலைக் கட்டியிருந்தது. ஸ்பீமன் இப்பகுதிக்கு ஒழுங்கமைப்பான் என்று பெயரிட்டார்.

1921இல் ஹில்டே, ஸ்பீமனின் உதவியாளரான ஓட்டோ மங்கோல்ட்டை மணந்தார். 1923இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு கட்டுரையாக வெளியிடப்படும்போது தமது பெயரே முதலில் இடம்பெற வேண்டும் என ஸ்பீமன் விரும்பினார். அவருடைய மற்றைய மாணவர்கள் தமது ஆய்வேடுகளைத் தனித்து வெளியிட்டிருந்தனர். ஹில்டேக்கு இதில் மனவருத்தம் இருந்ததாக அவருடன் கற்றவர்கள் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளனர். கேள்வியை வகுத்தவர் ஸ்பீமன் என்பதும், அதன் ஆழ்ந்த பொருளை உணர்ந்தவர் அவரே என்பதும் உண்மை. ஆனால் கை நடுங்காமல் அதனைச் செய்து முடித்தவர் மாணவி என்பதும் அதேயளவு உண்மை.

கணவருக்குப் பேர்லினில் பதவி கிடைத்ததால் கைக்குழந்தையுடன் அங்கு குடிபெயர்ந்த ஹில்டே, 1924 செப்டெம்பரில் அடுப்பு வெடித்த விபத்தில் கடும் தீக்காயங்களுக்குள்ளாகி உயிரிழந்தார். தமது பெயர் தாங்கிய கட்டுரை அச்சில் வெளிவந்ததை அவர் காணவில்லை. 1935இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

அந்தச் சிறு துண்டு அயற்கலங்களுக்கு எவ்வாறு கட்டளையிடுகிறது? 1930களில், கொல்லப்பட்ட ஒழுங்கமைப்பான் துண்டும் நரம்பிழையத்தைத் தோற்றுவிக்கும் எனக் கண்டறியப்பட்டது. ஆகவே இது ஓர் இரசாயனப் பொருளின் வேலை என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் சம்பந்தமற்ற பல பொருட்களும், மெதிலின் நீலம் என்ற சாயமும்கூட, நியூட் முளையத்தில் அதே விளைவைத் தந்தன. ஆய்வாளர் பலர் சோர்ந்து விலகினர். உண்மைப் பொருளை இனங்காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன.

விடையைத் தந்தது ஆபிரிக்க நகத் தவளை. 1992இல் ரிச்சர்ட் ஹார்லண்டின் ஆய்வுகூடம் நொகின் என்ற புரதத்தையும், 1994இல் எட்டி டி ரொபேட்டிஸின் ஆய்வுகூடம் கோர்டின் என்ற புரதத்தையும் கண்டறிந்தன. இரண்டும் ஒழுங்கமைப்பானிலிருந்து சுரப்பவை. இவற்றின் தொழிற்பாடு எவரும் எதிர்பாராதது. முளையமெங்கும் பி.எம்.பி. 4 என்ற இன்னொரு புரதம் பரவி, வெளிப்புறக் கலங்களைத் தோலாகுமாறு பணிக்கிறது. நொகினும் கோர்டினும் அப்புரதத்தைப் பற்றிப் பிடித்து, கட்டளை கலங்களைச் சென்றடையாதவாறு தடுக்கின்றன. தடுக்கப்பட்ட இடத்தில் கலங்கள் நரம்பிழையமாகின்றன. நரம்பாகுமாறு எவரும் கட்டளையிடுவதில்லை; தோலாகுமாறு இடப்படும் கட்டளை நீக்கப்படுகிறது, அவ்வளவே. ஒழுங்கமைப்பானிலிருந்து விலகிச் செல்லச் செல்லத் தடை குறைந்து கட்டளை வலுக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வுக்கேற்பவே நடுப்படைக் கலங்களும் முதுகுத் தசை, சிறுநீரகம், குருதி என வெவ்வேறு இழையங்களாகப் பிரிகின்றன.

இது வெறுமனே தவளையின் கதையன்று. 2018இல் மனித மூலக்கலங்களிலிருந்து உருவாக்கப்பட்ட ஒழுங்கமைப்பான் கோழி முளையத்தில் ஒட்டப்பட்டபோது, ஹில்டே கண்டவாறே இரண்டாவது உடலச்சு தோன்றத் தொடங்கியது. நொகினுக்குரிய பரம்பரையலகில் குறை ஏற்பட்டால் விரல் மூட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதுண்டு. எமது ஒவ்வொரு விரல் மடிப்பிலும் அதே புரதத்தின் பணி இருக்கிறது.

இன்று எமது கரையோர ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் உயர்தர உயிரியல் பிரிவிலும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் கற்று வருகின்றனர். வைத்தியராவதொன்றே உயிரியலின் இலக்கு என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. கண்ணாடி ஊசியையும் தலைமயிரையும் கொண்டு உலகுக்கு ஒரு புதிய அறிவைத் தர முடிந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது ஆசிரியர்களின் கடமையாகும். மாணவியின் உழைப்பை அவள் பெயரிலேயே அங்கீகரிக்க வேண்டியதும் அதனுடன் சேர்ந்த கடமையே.

உயிரியல் நூல்கள் இன்று அப்பகுதியை ஸ்பீமன் – மங்கோல்ட் ஒழுங்கமைப்பான் என்றே குறிப்பிடுகின்றன. பரிசு தராத இடத்தைக் காலம் அவருக்குத் தந்திருக்கிறது. அடுத்த மழையில் வரம்போரத்து நீரில் தவளை முட்டைகளைக் காணும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லிக் கொடுப்போம்.