ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் உம்மாவின் க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழை நான் பழுதாக்கிவிட்டேன். முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பாடநெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க உம்மா விரும்பினார். திருமணத்துக்குப் பின் இருபது வருடங்களாக அந்தச் சான்றிதழ் பிஸ்கட் தகரத்துக்குள் நாலாக மடிந்து கிடந்தது. மடிப்புகள் கிழிந்த காலத்தில் யாரோ அதன் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் இப்போது தேநீர்க் கறை போல மஞ்சளாகி, ஓரங்கள் சுருண்டு இருந்தது. அதை உரித்து எடுத்துவிட்டுப் போட்டோப் பிரதி எடுத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். டேப் வந்தது. அதனுடன் கணித பாடத்தின் பெறுபேறும் வந்துவிட்டது. உம்மா திறமைச் சித்தி பெற்ற பாடம் அது.

அன்றிரவு உம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் மாமாவின் கராஜுக்குப் போனேன். மாமா வாகனங்களுக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடிப்பவர். அன்று ஒரு பழைய டொல்பின் வேனுக்கு மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி நீலமுமாக அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் மங்கிய மஞ்சள் நிறக் கடதாசி டேப் ஒன்று நேர்கோடாக ஒட்டப்பட்டிருந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மாமா அந்த டேப்பின் முனையைத் தூக்கி, பின்பக்கமாக மடக்கி, மிக மெதுவாக இழுத்தார். பெயின்ட் துளியும் வரவில்லை. கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஒட்டுவதற்கென்று ஒரு டேப், உரிப்பதற்கென்று ஒரு டேப் இருக்கிறது, அந்த வித்தியாசம் தெரியாமல் கை வைத்ததுதான் என் பிழை என்பது மாமாவின் கருத்து.

அந்த உரிக்கும் டேப்பை முதலில் செய்தவர் யார் என்று தேடப் போய்த்தான் ரிச்சர்ட் ட்ரூ என்ற மனிதரை அறிந்துகொண்டேன். ஒட்டும் டேப்பையும் பின்னர் அவரேதான் செய்தார் என்று அறிந்தபோது, உம்மாவின் சான்றிதழ் விடயத்தில் பாதிப் பழியை அவர்மேல் போடலாமா என்று கூட யோசித்தேன்.

ரிச்சர்ட் கேர்லி ட்ரூ 1899 ஜூன் 22ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் போல் நகரத்தில் பிறந்தார். இளைஞனாக இருந்தபோது பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை நடன மண்டபங்களில் வாசித்துப் பணம் சம்பாதித்தார். அந்தப் பணத்தில்தான் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனார். படிப்பு நீடிக்கவில்லை, இடைநடுவில் விலகிவிட்டார். இயந்திர வடிவமைப்பைத் தபால்வழிப் பாடநெறியாகப் படித்தார். பல்கலைக்கழக அனுமதிக்காக இசற் புள்ளியைத் தசம தானம் வரை கணக்குப் பார்க்கும் எங்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு நிற்கிறது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று வாப்பாவிடம் சொன்னபோது அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

1920களின் ஆரம்பத்தில் ட்ரூ, மினசோட்டா மைனிங் அன்ட் மெனுபெக்சரிங் என்ற கம்பனியில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். இன்று உலகம் அதைத் த்ரீஎம் என்று அழைக்கிறது. அந்தக் கம்பனியின் பிறப்பே ஒரு தவறு. 1902இல் குருந்தக்கல் தோண்டி விற்பதற்காக ஐந்து பேர் சேர்ந்து தொடங்கினார்கள். தோண்டிய கல் குருந்தமே அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. வேறு வழியின்றி அரத்தாள், அதாவது கராஜ்களில் சேன்ட் பேப்பர் என்கிறோமே, அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். கடதாசியில் பசை பூசி அதன்மேல் கல்துகளைப் பதிப்பதுதான் வேலை. ஒருமுறை ஸ்பெயினிலிருந்து வந்த கல்லில் கப்பலிலேயே ஒலிவ் எண்ணெய் ஊறிவிட, விற்ற தாள்களிலெல்லாம் துகள் உதிர்ந்து வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்த்தார்களாம். எது எதில் ஒட்டும், எது ஒட்டாது என்ற பாடத்தை அந்தக் கம்பனி இப்படி நட்டப்பட்டுத்தான் கற்றது.

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய புதிய அரத்தாளை அவர்கள் 1921இல் வெளியிட்டிருந்தார்கள். அதன் மாதிரிகளை நகரத்துக் கராஜ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வருவது ட்ரூவின் பொறுப்பு. 1923இல் ஒரு நாள் அப்படிப் போன கராஜில் பெயின்டர்கள் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கார்களுக்கு இரண்டு நிறம் அடிப்பது பெரிய நாகரிகம். ஒரு நிறத்தை அடித்துவிட்டு, அதைப் பத்திரிகைத் தாளால் மூடி, ஓரங்களைப் பசையாலோ ஆஸ்பத்திரிப் பிளாஸ்டராலோ ஒட்டிவிட்டு மற்ற நிறத்தை அடிப்பார்கள். தாளை எடுக்கும்போது புதுப் பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். அந்த மனிதர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அரத்தாள் கொடுக்க வந்த அந்த இளைஞன், உரித்தால் பெயின்டைக் கொண்டுவராத டேப் ஒன்றைச் செய்து தருவதாக அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குப் பசைகளைப் பற்றி அப்போது பெரிதாக எதுவும் தெரியாது.

இரண்டு வருடங்கள் போயின. தாவர எண்ணெய்கள், பிசின்கள், சூயிங்கம் செய்யும் மரப்பால், ஆளிவிதை எண்ணெய் என்று எதையெதையோ கலந்து பார்த்தார். பசை ஒட்டினால் உரியவில்லை, உரிந்தால் ஒட்டவில்லை. கடைசியில் மரத்தச்சர்களின் பசையுடன் கிளிசரின் சேர்த்தபோது அது காய்ந்து இறுகாமல் இருந்தது. ஆனாலும் முதுகுக்கு என்ன போடுவது என்பது தீரவில்லை. கம்பனியின் மேலாளர் வில்லியம் மக்நைட், இந்த வேலையை விட்டுவிட்டு அரத்தாளைக் கவனிக்கும்படி கட்டளையிட்டார். ட்ரூவும் கொஞ்ச நாள் கீழ்ப்படிந்தார். பிறகு சுருக்கங்கள் வைத்த கிரேப் கடதாசி அவர் கண்ணில் பட்டது. சுருக்கம் உள்ள தாள் இழுத்தால் நீளும், காரின் வளைவுகளில் படிந்து போகும், உரிக்கும்போது கிழியாது. மீண்டும் ஆய்வுகூடத்தில் இறங்கினார். மக்நைட் ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்விட்டாராம்.

அந்தத் தாளில் பசை பூசுவதற்கு இயந்திரம் தேவைப்பட்டது. கம்பனி மறுத்தது. 100 டொலர் வரையான செலவுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற ஒரு விதி ட்ரூவுக்குத் தெரியும். 99 டொலர், 99 டொலர் என்று துண்டு துண்டாகக் கொள்வனவுச் சீட்டுகள் எழுதி, பாகம் பாகமாக இயந்திரத்தை வாங்கிச் சேர்த்துவிட்டார். இதைப் படித்தபோது எங்கள் வகுப்பே சிரித்தது. ஆனால் எனக்கு இது முழுக்க நல்ல காரியமாகத் தெரியவில்லை. டேப் வெற்றி பெற்றபடியால் இது சாமர்த்தியம். தோற்றிருந்தால் இதற்கு வேறு பெயர். பின்னர் அவர் மக்நைட்டிடம் போய்த் தானே உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைத் தாங்கள் விரும்பும் ஆராய்ச்சிக்குச் செலவிடலாம் என்று அந்தக் கம்பனி பின்னாளில் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு ட்ரூவின் இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம் என்கிறார்கள்.

1925இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. முதல் மாதிரியில் இரண்டு ஓரங்களில் மட்டும் பசை பூசியிருந்ததாகவும், அது கழன்று விழவே ஒரு பெயின்டர், பசையில் ஏன் இந்த ஸ்கொட்லாந்துக் கஞ்சத்தனம், போய் உன் முதலாளிகளிடம் முழுவதும் பூசச் சொல் என்று துரத்திவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த ஏச்சே ஸ்கொட்ச் டேப் என்ற வியாபாரப் பெயராகிவிட்டது. ஸ்கொட்லாந்து மக்கள் எல்லோரையும் கஞ்சர்களாக்கும் பகிடி நல்லதல்ல. எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றியும் இப்படிப் பகிடிகள் உண்டு. எந்த ஊர் என்று எழுதினால் அடுத்த இதழில் மறுப்புக் கட்டுரை வரும்.

இனி மற்ற டேப்பின் கதை. 1929இல் குளிரூட்டிய ரயில் பெட்டிகளுக்கான காப்புப் பலகைகளை ஈரம் புகாமல் மூட வேண்டும் என்று செயின்ட் போல் நகரத்துக் கம்பனி ஒன்று கேட்டது. சுவிட்சர்லாந்து நாட்டவரான பிரண்டன்பேர்கர் கண்டுபிடித்த செலோபேன் தாள் அப்போது புதுச் சாமான். கண்ணாடி போன்ற இந்தத் தாளிலேயே பசை பூசினால் என்ன என்று ட்ரூவுக்குத் தோன்றியது. தோன்றியது சுலபம். செலோபேன் சூட்டில் சுருண்டது, இயந்திரத்தில் கிழிந்தது, பசை அதில் சமமாகப் பரவ மறுத்தது. முதலில் ஓர் அடிப்பூச்சைப் பூசிவிட்டு அதன்மேல் பசையைப் பூசித்தான் அதைச் சமாளித்தார்கள். பசையும் நிறமில்லாததாக இருக்க வேண்டும். இறப்பரையும் எண்ணெய்களையும் பிசின்களையும் கலந்து அதைச் செய்தார்கள். இறப்பர் என்றதும் எனக்கு எங்கள் நாடு ஞாபகம் வந்தது. தென்னமெரிக்காவின் இறப்பர் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில்தான் நடப்பட்டன. வெளிறிய நிறமுள்ள கிரேப் இறப்பருக்கு இன்றும் இலங்கைக்குப் பெயர் உண்டு. பசை செய்யவும் அது வாங்கப்படுகிறது.

1930 செப்டம்பர் 8ஆம் திகதி முதலாவது செலோபேன் டேப் றோல் பரிசோதனைக்காக ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டது. பேக்கரிகளும் இறைச்சிக் கடைகளும் செலோபேன் பொதிகளை ஒட்டுவதற்கு இதை வாங்கும் என்பது கணக்கு. அதற்குள் செலோபேனைச் சூட்டினாலேயே ஒட்டும் முறை வந்துவிட்டது. கணக்குத் தவறியது. ஆனால் அது உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய காலம். புதிதாக எதையும் வாங்க முடியாத சனம், கிழிந்த புத்தகத்தையும் உடைந்த விளையாட்டுப் பொருளையும் கிழிந்த யன்னல் திரையையும் இதனால் ஒட்டத் தொடங்கியது. ஏழ்மையே அதன் சந்தையாயிற்று. உம்மாவின் பிஸ்கட் தகரம் வரை அந்தச் சந்தை வந்திருக்கிறது. நாங்கள் சொல்லும் செலோடேப் என்ற பெயர் மட்டும் ட்ரூவுடையது அல்ல; அது 1937இல் இங்கிலாந்தில் தொடங்கிய வேறொரு கம்பனியின் பெயர்.

இந்தப் பசைக்குச் சூடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காயவும் தேவையில்லை. விரலால் அழுத்தினால் போதும். மெதுவாக அழுத்தும்போது அது திரவம் போலப் பரவிக் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புகிறது. இழுக்கும்போது திண்மம் போல எதிர்க்கிறது. பிடித்துவைப்பவை பெரும்பாலும் நாங்கள் இரசாயனவியலில் படிக்கும் வந்தர்வாலிசு விசைகள்தான். அவை பலவீனமானவை என்று பரீட்சையில் எழுதுகிறோம். எண்ணிக்கையில் அதிகமானால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு துண்டு டேப் போதும். றோலில் டேப் தன் முதுகிலேயே ஒட்டிப் போகாமல் இருப்பதற்கு அந்த முதுகில் ஒட்ட விடாத பூச்சொன்று இருக்கிறது. ஆனால் வருடங்கள் போகப்போக இறப்பர்ப் பசை ஒட்சியேற்றமடைந்து மஞ்சளாகும். அதிலுள்ள எண்ணெய்த்தன்மை கடதாசியின் நார்களுக்குள் ஊறும். அப்போது பசையும் கடதாசியும் மையும் பிரிக்க முடியாத ஒன்றாகிவிடும். நூலகங்களில் பழைய ஏடுகளைப் பாதுகாப்பவர்கள் சாதாரண டேப்பைக் கிட்டவும் எடுக்காதது இதனால்தான். மஞ்சளாகாத டேப் ஒன்றை அதே கம்பனி 1961இல் வெளியிட்டது.

பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு ஒன்று. 2008இல் லொஸ் ஏஞ்சல்சில் விஞ்ஞானிகள் வெற்றிடத்துக்குள் டேப்பை உரித்தபோது எக்ஸ் கதிர் வெளிப்பட்டது. அதைக்கொண்டு ஒரு விரலின் எலும்பையே படம் பிடித்தார்கள். கிராபீன் என்ற ஓரணுத் தடிப்புள்ள காபன் படையை முதலில் பிரித்தெடுத்ததும் டேப்பால் உரித்து உரித்துத்தான். அதற்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது.

ட்ரூ பிறகு தனக்கென ஓர் ஆய்வுகூடத்தை நடத்தினார். மற்றப் பிரிவுகளில் ஒத்துப்போகாதவர்களை அவர் தேடிச் சேர்த்தார் என்று சொல்வார்கள். இரவில் வாகன வெளிச்சம் பட்டு மின்னும் வீதிக் குறியீட்டுத் தாள், தோலுக்குக் காற்றுப் போகவிடும் மருத்துவ டேப் போன்றவற்றில் அந்தக் கூடத்துக்குப் பங்குண்டு. பொத்துவில் வீதியில் இரவில் வரும்போது பலகைகள் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உம்மும்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சேலைன் ஊசியை அவர் கையில் பிடித்து வைத்திருந்தது அந்த வெள்ளைக் கடதாசி டேப்தான். வயது போனவர்களின் தோல் பழைய தாள் போன்றது. தாதி அதை உரித்தபோது உம்மும்மா நித்திரையிலிருந்து எழும்பவே இல்லை.

ட்ரூ 1962இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரில் 30 காப்புரிமைகள் இருந்தன. 1980 டிசம்பர் 14ஆம் திகதி கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் காலமானார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2007இல்தான்.

கராஜிலிருந்து வந்த அன்றே உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா ஏசவில்லை. அந்த மஞ்சள் டேப்பை வெளிச்சத்தில் பிடித்து, அதில் தலைகீழாக ஒட்டியிருந்த தன் கணிதப் பெறுபேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம் என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். உம்மாவின் சுட்டெண்ணையும் பரீட்சை எழுதிய வருடத்தையும் நானே படிவத்தில் நிரப்பினேன். பிரதி வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பாடநெறிக்கான நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம். புதிய சான்றிதழை நாலாக மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறோம். பழையதை உம்மா வீசவில்லை; உரிந்த டேப்பையும் சேர்த்துத் தகரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்.