சரபோஜி மகாராஜா

சத்திரத்துச் சோற்றுக்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்று கேலியாகக் கேட்பது காவேரிக் கரையில் நெடுநாளைய வழக்கம். 1801-ஆம் வருஷத்தில் அதற்கு உத்தரவு கேட்கவேண்டிய நிலைமையில் ஒரு மகாராஜா இருந்தார். கேட்கப்பட்டவர் தஞ்சாவூரில் கும்பினியாரின் பிரதிநிதியாக இருந்த ரெஸிடெண்டு டோரின் துரை. கேட்டவர் இரண்டாம் சரபோஜி. அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. அவரைப் பற்றி நம்மவர்களிடம் பேசினால் ஸரஸ்வதி மஹாலைச் சொல்வார்கள். ஸங்கீதத்தையும் ஓவியத்தையும் சொல்வார்கள். அவை யாவும் உண்மையே. ஆனால் நோயாளிகளையும், கர்ப்பிணிகளையும், அநாதைக் குழந்தைகளையும் பற்றி அவர் எழுதிய அந்த விண்ணப்பமே அவருடைய சரித்திரத்தில் முதலில் வாசிக்கத் தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

சரபோஜி 1777-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 24-ந் தேதி போன்ஸலே வம்சத்தின் ஒரு கிளையில் பிறந்தார். அவர் பிறந்த காலம் சோழநாட்டின் கெட்ட காலம். 1773-இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிப் பட்டாளத்தின் துணைகொண்டு தஞ்சையைப் பிடித்துக்கொண்டார். 1776-இல் துளஜா மகாராஜாவுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்தது, கஜானா திரும்பவில்லை. 1781-இல் ஹைதர் அலியின் சேனை உள்ளே புகுந்தது. பயிர் அழிந்தது, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். தமிழ்நாட்டுக்கே நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற சீமையில் ஜனங்கள் ஒரு பிடி அரிசிக்குத் தவித்தார்கள். அந்தச் சமயம் தஞ்சைக் கோட்டையில் இருந்த ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தானியம் சேகரித்துப் பட்டினி கிடந்தவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். ஒரு ராஜா செய்யவேண்டிய காரியத்தை ஓர் அந்நியப் பாதிரியார் செய்யும்படி நேர்ந்த அந்த ஊரில்தான் சரபோஜியின் பிள்ளைப் பருவம் கழிந்தது.

புத்திர சந்தானம் தங்காத துளஜா 1787-இல் சிறுவனை ஸ்வீகாரம் செய்துகொண்டு, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையில் ஒப்பித்துவிட்டுக் காலமானார். உடனே வழக்கு எழுந்தது. துளஜாவின் மாற்றாந்தாய் மகனாகிய அமரசிங்கர் ஸ்வீகாரம் செல்லாது என்றார். கும்பினியார் பண்டிதர்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார்கள், செல்லாது என்றே பதில் வந்தது, அமரசிங்கர் பட்டமேறினார். அவரது ஆட்சியில் சரபோஜி அரண்மனையில் கைதிபோல அடைபட்டுக் கிடந்தார். பாதிரியார் இடைவிடாமல் வாதாடியதன் பேரில் 1793-இல் துளஜாவின் ராணிகளோடு சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கெரிக்கே என்ற மற்றொரு பாதிரியாரிடம் கல்வி பயின்றார். பிற்பாடு வேறு பண்டிதர்கள் வேறு அபிப்பிராயம் சொல்ல, 1798-இல் அமரசிங்கர் இறக்கப்பட்டுச் சரபோஜி ஏற்றப்பட்டார். வக்கீல் தொழில் செய்கிறவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினோரு வருஷத்தில் தர்மசாஸ்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது கும்பினியாரின் சௌகரியம். சிறுவனுக்காக உழைத்த ஷ்வார்ட்ஸ் அவ்வருஷம் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டபடியால் முடிசூட்டைக் காணவில்லை.

முடி சூட்டியவர்கள் கூலி கேட்டார்கள். 1799 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ராஜ்ய நிர்வாகம் முழுதும் கும்பினிக்குப் போயிற்று. ராஜாவுக்கு வருஷம் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், தஞ்சைக் கோட்டையும் மிஞ்சின. வரி போடவும் நீதி செலுத்தவும் வாய்க்கால் வெட்டவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. இனி அவர் செய்யக்கூடியது என்ன என்பதே கேள்வி. அப்படிப்பட்ட நிலையில் அகப்பட்ட சிற்றரசர்கள் பெரும்பாலும் வேட்டையிலும் நாட்டியத்திலும் பொழுதைக் கழித்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ராமேசுவரத்துக்குப் போகும் பாதையில் அவருடைய முன்னோர்கள் சத்திரங்களை ஏற்படுத்தி, அவற்றுக்கு கிராமங்களை மானியமாக விட்டிருந்தார்கள். நிர்வாகம் கைமாறியதும் சத்திரங்களும் அத்தோடு போய்விடும் என்ற பயம் உண்டாயிற்று. சத்திரங்களைத் தம் வசமே விட்டுவைக்கவேண்டும் என்று 1801-இல் சரபோஜி ரெஸிடெண்டுக்கு எழுதினார். காரணம் காட்டும் பொருட்டு, அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக விவரித்தார். பிராமணர் முதல் பறையர் வரையில் வருகிற வழிப்போக்கர் எவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் உண்டு. நள்ளிரவு வரையில் இது நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். வழி நடக்க முடியாமல் நோயில் விழுந்தவனுக்குச் சொஸ்தமாகும் வரையில் மருந்தும் பத்தியமும் கொடுத்து மரியாதையோடு பார்த்துக்கொள்வார்கள். நோய்க்கும் விஷக்கடிக்கும் தனித்தனியே கைதேர்ந்த வைத்தியர்கள் இருப்பார்கள். கர்ப்பிணி வந்தால் அங்கேயே பிரசவம் பார்த்துப் பிற்பாடும் பராமரிப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. இறந்தவனுக்கு அவனவன் ஜாதி வழக்கப்படி கடைசிக் கிரியை நடக்கும். தாய் தந்தையர் சத்திரத்தில் இறந்து அநாதையான குழந்தையை உபாத்தியாயரிடம் ஒப்பித்து, உணவும் உடையும் எண்ணெய் ஸ்நானமும் கொடுத்து, அது விரும்பிய வித்தையைக் கற்பித்து, கல்யாணச் செலவும் செய்துவைப்பார்கள்.

எண்ணெய் ஸ்நானத்தைக்கூட மறவாத அந்த நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். யாரோ கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்ததில் கையெழுத்திட்ட ராஜாவாக அவர் தோன்றவில்லை. மரியாதையோடு என்ற ஒரு வார்த்தை அதைவிட முக்கியம். அக்காலத்து லண்டனில் தரித்திரனுக்கு உதவி கொடுத்த சட்டம் அவனைக் குற்றவாளிபோல் நடத்தியே கொடுத்தது. ஷ்வார்ட்ஸ் பாதிரியார் படித்த ஹாலே நகரில் பிராங்கே என்பவர் நூறு வருஷத்துக்கு முன் அநாதை விடுதியும் பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் ஒரே இடத்தில் அமைத்திருந்தார். அந்தக் கதை சரபோஜியின் காதில் விழுந்திருக்கலாம். ஆனாலும் அன்னமும் மருந்தும் கல்வியும் சேர்ந்த தர்மம் இந்த நாட்டுக்கு இறக்குமதியான சரக்கல்ல என்பதற்கு அந்த விண்ணப்பமே அத்தாட்சி. முன்னோர் நடத்திவந்ததைக் காப்பாற்றவே அவர் கேட்டார்.

கேட்டது கிடைத்தது. அவர் காலம் முழுதும், அவருடைய மகன் காலத்திலும், சத்திரங்கள் அரண்மனை வசமே இருந்தன. அவரும் புதிதாக ஒன்று கட்டினார். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அது. முத்தாம்பாள் என்ற அம்மையார் அவருடைய அன்புக்குரியவராக இருந்து இளமையிலேயே இறந்தவர் என்றும், தம் பெயரால் ஒரு சத்திரம் வேண்டுமென்று மரணப் படுக்கையில் கேட்டுக்கொண்டார் என்றும் ஐதிகம்.

தஞ்சையில் அவர் அமைத்த தன்வந்திரி மஹால் இதற்கு அடுத்த படி. ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஆங்கிலம் ஆகிய நான்கு முறை வைத்தியர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார். இக்காலத்திலேயே இது கைகூடாத காரியம். மனிதருக்கு மட்டுமன்றிக் கால்நடைக்கும் அங்கே மருந்து தயாராயிற்று. அனுபவத்தில் பலித்த முறைகளைப் பொறுக்கி, ஆஸ்தான புலவர்களைக்கொண்டு தமிழ்ச் செய்யுளாக எழுதுவித்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் ஸரஸ்வதி மஹால் அச்சிட்ட புத்தகங்கள் அவை. கண்ணோய், நீரிழிவு, குன்மம், கர்ப்பிணி ரோகம், பாலரோகம் என்று நோய்வாரியாக அவை அமைந்திருக்கின்றன. வைத்தியர்கள் பரம்பரை ரகசியமென்று ஓலையில் சுருட்டிவைத்ததைப் பொதுச் சொத்தாக்கிய இந்தக் காரியத்தின் அருமை கிராமத்தில் நோயோடு படுத்தவனுக்குத்தான் தெரியும்.

சரீர சாஸ்திரத்தில் அவருக்கு விசேஷப் பற்று. மனித எலும்பைத் தொடுவதற்கு ஆசாரம் தடையாக இருந்தபடியால் இங்கிலாந்திலிருந்து தந்தத்தால் செய்த எலும்புக்கூடு ஒன்றை வரவழைத்துப் பாடம் படித்தார். 1804-இல் வந்த வாலென்ஷியா பிரபு அதைத் தம் யாத்திரை நூலில் குறித்திருக்கிறார். ஆசாரத்தையும் உடைக்கவில்லை, அறிவையும் கைவிடவில்லை. இது சாமர்த்தியமா கோழைத்தனமா என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். நமக்குச் சாமர்த்தியமாகவே படுகிறது. மெக்பீன் என்ற ஆங்கில வைத்தியரின் துணையோடு கண் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் நோய்க் குறிப்பும் சிகிச்சையின் பலனும் எழுதிவைக்கப்பட்டன. நோயுற்ற கண்களை ஓவியர்கள் வர்ணத்தில் தீட்டினார்கள். அந்த ஏடுகள் ஸரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. நம் காலத்துக் கண் வைத்திய நிபுணர்கள் அவற்றைப் பரிசோதித்து வியந்திருக்கிறார்கள். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சர், லவாய்சியர், லின்னேயஸ், பூபோன் முதலிய சாஸ்திரிகளின் நூல்களில் ராஜாவுக்கு இருந்த பழக்கத்தைக் கண்டு பிரமித்தார். ஹீபர் பிரமித்ததைவிட, கண் தெரியாமல் வந்தவன் கண் தெரிந்து போனானா என்று ராஜா குறித்துவைத்ததே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது நியாயமாகாது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, கடற்கரையில் மனோரா என்ற எட்டு அடுக்குக் கோபுரத்தை இதே ராஜா எழுப்பினார். தம் ராஜ்யத்தை விழுங்கியவர்களின் வெற்றிக்கு ஞாபகச் சின்னம்! நன்றியென்று சொல்வாரும் உளர். பயமென்று சொல்வாரும் உளர். அதைக்காட்டிலும் கனமான குறை வேறொன்று உண்டு. சத்திரத்துக்கு நெல் கொடுத்த வயல்களில் சேற்றில் நின்று உழைத்த பண்ணையாட்களின் அடிமைத்தனத்தை அவருடைய தர்மம் தொடவில்லை. வழிப்போக்கனாக வந்த பறையனுக்கு நள்ளிரவில் மணி அடித்துச் சோறு போட்ட அதே சீமையில், ஊரில் இருந்த பறையன் மிராசுதாரின் நிலத்தோடு சேர்ந்த உடைமையாக இருந்தான். நிர்வாக அதிகாரம் கையில் இல்லை என்ற சமாதானம் ஓரளவுக்கே செல்லும். கும்பினி ராஜ்யத்தில் அடிமைத்தனத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்று 1843-இல் விதி ஏற்பட்டது. தஞ்சைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்பென்று தனிச் சட்டம் வர 1952 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1820-இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை போனவர், போன இடமெல்லாம் நூல்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். 1832 மார்ச்சு மாதம் 7-ந் தேதி காலமானார். மகன் சிவாஜி 1855-இல் ஆண் சந்ததியின்றி இறந்ததும் கும்பினி கோட்டைக்குள் புகுந்து அரண்மனைச் சொத்துக்களைக் கைப்பற்றிற்று. மூத்த ராணி காமாட்சிபாயி சாகேப் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடி ஜயித்தார். 1859-இல் பிரிவி கவுன்ஸில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நடந்தது ராஜாங்கச் செயலாதலால் அதன் நியாய அநியாயத்தை விசாரிக்கக் கோர்ட்டுகளுக்கு அதிகாரமில்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பைப் படிக்காத வக்கீல் கிடையாது. அது தஞ்சாவூர் வழக்கு என்பதை நினைப்பவர் சொற்பம். நூல் நிலையம் தப்பி, 1918-இல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. சத்திரங்களை ஸர்க்கார் எடுத்துக்கொண்டது. ஒரத்தநாட்டுச் சத்திரம் பிற்காலத்தில் பள்ளி மாணவர்களின் விடுதியாக உபயோகப்பட்டது.