ஜோன் வெஸ்லியும் கிறிஸ்தவ உக்கிராணத்துவமும்

இலங்கையில் மெதடிஸ்த மிஷனரிமாரின் பணி 1814ஆம் ஆண்டு ஆரம்பமாயிற்று. அத்திருச்சபை தோன்றக் காரணமாயிருந்தவர் ஜோன் வெஸ்லி. இவர் 1703இல் இங்கிலாந்தின் எப்வர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் வெஸ்லி இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர், தாயார் சூசன்னா. பிள்ளைகள் பலர், வருமானமோ போதாது. 1705இல் தந்தையார் கடனைத் தீர்க்க முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஜோனுக்கு இரண்டு வயது. 1709இல் வீடு தீப்பற்றியபோது அவர் மயிரிழையில் காப்பாற்றப்பட்ட சம்பவத்தை மாணவர் பலரும் அறிவர். ஆனால் பணம் பற்றிய அவரது போதனையை விளங்கிக்கொள்ள, தீயைவிட அந்தக் கடன் சிறையே நமக்கு உதவும்.

ஒக்ஸ்போர்டில் கல்வி கற்ற வெஸ்லி, 1726இல் அங்குள்ள லிங்கன் கல்லூரியில் பதவி பெற்றார். கையில் பணம் புழங்கியது. தமது அறைச் சுவர்களை அழகுபடுத்தினார். கடுங்குளிரான ஒரு நாளில், அவரும் நண்பர்களும் நடத்திவந்த பாடசாலையைச் சேர்ந்த ஏழைச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தாள். அவள் அணிந்திருந்தது மெல்லிய துணியாலான உடை மட்டுமே. உதவ எண்ணிச் சட்டைப்பையில் கையை விட்டார்; அங்கே ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. அவளுக்குக் கம்பளி வாங்கியிருக்கக்கூடிய பணம் தமது சுவரில் தொங்குவதாக அவருக்குத் தோன்றியது. முதுமையில் செய்த பிரசங்கத்திலும் அவர் இதைக் கூறியிருப்பதால், அச்சிறுமியை அவர் மறக்கவேயில்லை எனலாம்.

ஒக்ஸ்போர்ட் இளைஞர் ஒருவரின் வரவுசெலவு பற்றியும் அவர் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். அவ்விளைஞர் வெஸ்லியே என்பது பொதுவான கருத்து. முதலாம் ஆண்டு வருமானம் 30 பவுண். 28 பவுணில் வாழ்ந்து 2 பவுணைத் தருமம் செய்தார். அடுத்த ஆண்டு 60 பவுண் கிடைத்தது. செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் ஆண்டு 90 பவுணில் 62ஐக் கொடுத்தார். நான்காம் ஆண்டு 120 பவுணில் 92ஐக் கொடுத்தார். இக்கணக்கைச் சற்று நின்று பாருங்கள். முதலாம் ஆண்டில் கொடுத்தது தசமபாகத்திலும் குறைவு. நான்காம் ஆண்டிலோ வருமானத்தின் முக்கால் பங்கிலும் அதிகம். வருமானம் உயர்ந்தபோது வாழ்க்கைச் செலவை உயர்த்தாததே இதற்குக் காரணம்.

1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குச் சென்று தோல்வியுடன் திரும்பியமை, 1738 மே 24இல் பெற்ற மனமாற்ற அனுபவம், 1739இல் பிரிஸ்டலில் வெளியரங்கில் பிரசங்கித்தமை ஆகியன பற்றி வேறு பாடத்தில் கற்றிருப்பீர்கள்.

உக்கிராணக்காரன் பொருளின் சொந்தக்காரன் அல்லன். எசமானுடைய பொருளைப் பராமரித்துக் கணக்கு ஒப்புவிப்பவன். வெஸ்லி இதை நடைமுறைப்படுத்தினார். 1746இல் லண்டனில் வசதியுள்ளோரிடம் சென்று 50 பவுண் சேர்த்து, அதை உக்கிராணக்காரர் இருவரிடம் ஒப்படைத்தார். அவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் ஏழைகளுக்கு 20 ஷில்லிங்கிற்கு, அதாவது ஒரு பவுணுக்கு, மேற்படாத கடன் வழங்கினர். மூன்று மாதங்களுக்குள் அது திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். திரும்பிய பணம் மீண்டும் கடனாகச் சென்றது. இவ்வாறு ஒரே ஆண்டில் 250 பேர் பயனடைந்தனர். கடனால் ஒரு குடும்பம் படும் துன்பம் அவருக்குப் புத்தகத்தில் படித்த விடயம் அன்று.

நேர்மையாக இயன்றளவு உழைத்தல், வீண்செலவின்றி இயன்றளவு சேமித்தல், இயன்றளவு கொடுத்தல் என்பன அவர் போதித்த மூன்று விதிகள். பிறருடைய உடலுக்கோ உள்ளத்துக்கோ கேடு செய்யும் தொழிலால் உழைப்பதை அவர் ஏற்கவில்லை. விடை எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். அவருடைய மக்கள் முதலிரு விதிகளையும் நன்றாகவே கைக்கொண்டனர். உழைப்பாலும் சிக்கனத்தாலும் செல்வந்தராயினர். மூன்றாவதைக் கைக்கொண்டோர் சிலரே. இது அவரது இறுதிக்காலப் பெருங்கவலையாயிற்று.

மலிவு விலை நூல்களின் விற்பனையால் அவருக்கும் எதிர்பாராத பெரும் வருமானம் வந்தது. 1776இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கான வரி குறித்து அதிகாரிகள் வினவியபோது, லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு என நான்கு கரண்டிகளே தம்மிடம் உள்ளன என்றும், சுற்றிலும் பலர் உணவின்றி இருக்கையில் மேலும் வாங்கப்போவதில்லை என்றும் பதிலளித்தார். 1785 ஜனவரியில், தமது 81ஆம் வயதில், ஏழைகளின் உடைக்காக லண்டன் தெருக்களில் ஐந்து நாட்கள் நடந்து 200 பவுண் சேர்த்தார். உருகும் பனி கணுக்கால்வரை கிடந்தது. அதன் பின் நோயுற்றார்.

1791 மார்ச் 2இல் லண்டனில் காலமானார். சவ வண்டியோ ஆடம்பரமோ வேண்டாம் என மரண சாசனத்தில் எழுதியிருந்தார். தமது உடலைச் சுமக்கும் ஏழைகள் ஆறு பேருக்குப் பகிர்ந்து கொடுக்குமாறு 6 பவுணையும் அதில் ஒதுக்கியிருந்தார்.