சேதுநாட்டுக் கல்விக்கொடையும் ஸ்வார்ட்ஸ் ஐயரும்

சேதுநாடு என்ற மாத்திரத்தில் நம்மவர் நினைவில் எழுவன இராமேசுவரத் திருக்கோயிலின் நெடிய பிராகாரங்களும், பாம்பன் நீரிணையும், கீழக்கரையின் முத்து வாணிகமும், உப்பளங்களும், பனங்காடுகளுமேயாம். அந்நாட்டின் தலைநகராகிய இராமநாதபுரத்தில் 1785ஆம் ஆண்டு ஓர் ஆங்கில வித்தியாசாலை தோன்றிற்று என்பதையும், ஈராண்டு கழித்து அதற்குக் கும்பெனியாரின் கருவூலத்தினின்றும் ஆண்டுதோறும் ஒரு தொகை விதிக்கப்பட்டது என்பதையும் அறிந்தோர் சிலரே. குடிகள் செலுத்தும் வரிப்பணத்தைத் தனியார் நடத்தும் பள்ளிக்குக் கொடுத்தல் தகுமா, தகுமாயின் எந்நிபந்தனையின்மேல் கொடுத்தல் வேண்டும் என்னும் வினா இக்காலத்து நாடெங்கும் விவாதிக்கப்படுகின்றது. அவ்வினா தென்னாட்டில் முற்பட எழுந்த இடங்களுள் இராமநாதபுரம் ஒன்று. அவ்விடத்தில் அதனோடு பிணைந்து நிற்கும் பெயர் ஸ்வார்ட்ஸ் ஐயருடையது. ஆதலின் அப்பெரியாரின் சரிதத்தை இவ்வினாவை மனத்திற்கொண்டு ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

கிறிஸ்தியான் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் என்பார் 1726ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரஷிய ஆட்சிக்குட்பட்டிருந்த பிராண்டன்பர்க்கு நாட்டின் சோனன்பர்க்கு என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து தேசத்தைச் சேர்ந்தது. அன்னையார் இவரது குழந்தைப் பருவத்திலேயே காலமானார். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையிற் பயிலுங்கால், தமிழ்நாட்டில் ஊழியம் செய்து மீண்டிருந்த சூல்ச் ஐயரிடம் தமிழ் கற்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டிற்று. 1749ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இறங்கிய சில மாதங்களுக்குள்ளாகவே சீகன்பால்கு ஐயர் எடுப்பித்த ஆலயத்தில் தமிழிற் பிரசங்கம் செய்தார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்தார், தாயகத்தை மீண்டும் கண்டாரில்லை, இல்லறத்தையும் நாடினாரில்லை. தமிழேயன்றி மராட்டியம், பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார்.

1762ஆம் ஆண்டில் இவர் திருச்சிராப்பள்ளியை அடைந்தார். அங்கு வெடிமருந்துச் சாலை தீப்பற்றிப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த சிறுவர்க்கென ஒரு பள்ளி ஏற்படலாயிற்று. பின்னர் இலண்டனிலிருந்த கிறிஸ்துமார்க்க அறிவு விளக்க சங்கத்தாரின் ஊழியரானார். கும்பெனிச் சேனைக்குக் குருவாயிருந்ததற்காக அரசாங்கத்தார் ஆண்டொன்றுக்கு 100 பவுன் சம்பளம் அளித்தனர். தம் தேவைக்குச் சிறிதே எடுத்துக்கொண்டு, எஞ்சியதைச் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார். பொதுப்பணம் இவர் கையில் வந்தபோது எவ்வழியிற் சென்றது என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று மைசூர் நாட்டிலிருந்து வருகின்றது. 1779ஆம் ஆண்டு சென்னைக் கவர்னராயிருந்த ரம்போல்டு துரை, ஹைதர் அலியின் உள்ளக்கருத்தை அறிந்துவருமாறு ஸ்வார்ட்ஸ் ஐயரைச் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். வழிச்செலவைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று கூறியே இவர் புறப்பட்டார். திரும்புங்கால் ஹைதர் அலி 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் அதனைச் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் வற்புறுத்தவே, தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்கான ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அதனை மூலதனமாக்க அனுமதி பெற்றார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆயினும் ஐயரைத் தடையின்றிப் போகவர விடுமாறு ஹைதர் அலி தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார் என்பர்.

அப்போரின்போது தஞ்சைக் கோட்டையினுள் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் குடியானவர் கொண்டுவர மறுத்தனர். முன்னர் அரண்மனை அதிகாரிகளிடம் நெல்லை அளந்துவிட்டு விலைபெறாது ஏமாந்தவர்கள் அவர்கள். துளஜா மகாராஜா ஐயரை அழைத்து உதவி வேண்டினார். விலைக்கு நானே பிணை என்று ஐயர் சொல்லியனுப்பினார். சில நாட்களுக்குள் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. அரச முத்திரைக்கு அசையாத வண்டிகள் ஓர் ஏழைப் போதகரின் வாய்மொழிக்கு அசைந்தன. கல்விக்கொடையைப் பற்றிப் பேசப்புகுந்த நாம் நெல்லைப் பற்றிப் பேசுவானேன் எனின், பணம் யாரிடம் கொடுக்கப்படுகின்றது என்பதனைவிட, கொடுத்தவை உரியவரிடம் போய்ச் சேரும் என்னும் நம்பிக்கை யாரிடம் இருக்கின்றது என்பதே முதன்மையான வினா என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இனி இராமநாதபுரத்துக்கு வருவோம். போர் ஓய்ந்தபின் தஞ்சையில் ரெசிடெண்டாயிருந்த ஜான் சல்லிவன் துரை, ஒவ்வொரு சீமையிலும் ஓர் ஆங்கிலப் பள்ளியை ஏற்படுத்துதல் நலம் என்று எண்ணி, அதனை நடத்துதற்கு ஸ்வார்ட்ஸ் ஐயரைத் துணைக்கொண்டார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை என்னும் மூன்றிடங்களிற் பள்ளிகள் தோன்றின. அக்காலத்து இராமநாதபுரத்தை ஆண்டவர் முத்துராமலிங்க சேதுபதி. 1772ஆம் ஆண்டில் நவாபின் படையும் கும்பெனிப் படையும் கோட்டையைப் பிடித்தபோது, இளம் பிள்ளையாய்ச் சிறைப்பட்டுத் திருச்சிராப்பள்ளியில் இருந்து, பின்னர் அரசுரிமையை மீளப் பெற்றவர் அவர். சிவகங்கையில் வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் ஆண்டுவந்தனர். புலவர்க்கும் சத்திரங்கட்கும் மானியம் வழங்கிப் பழகிய சேதுநாட்டில், கல்விக்குப் பொருளுதவி என்பது புதுமையன்று. ஆனால் அயலார் ஒருவர் நடத்தும் பள்ளிக்கு அரசு செலுத்துவோர் ஆண்டுதோறும் ரொக்கமாக ஒரு தொகை கொடுப்பது புதுமையே.

1787ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த கும்பெனி டைரக்டர்கள், இம்மூன்று பள்ளிகட்கும் பள்ளியொன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் கொடுக்குமாறு கட்டளையிட்டனர். வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்னும் அக்காலக் கணக்கின்படி அது 875 ரூபாய். மூன்று பள்ளிக்கும் சேர்த்து 2,625 ரூபாய். கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குமாறு விதித்த 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்துக்கு இருபத்தாறு ஆண்டுகள் முற்பட்டது இக்கொடை. தனியார் பள்ளிகட்கு உதவித்தொகை வழங்கும் முறையை நாடெங்கும் நிலைநாட்டிய சர் சார்லஸ் உட்டின் 1854ஆம் ஆண்டு அறிக்கைக்கோ அறுபத்தேழு ஆண்டுகள் முற்பட்டது.

கொடுத்தவர் நோக்கமும் பெற்றவர் நோக்கமும் ஒன்றாயிருக்கவில்லை. கும்பெனியார்க்கு வேண்டியிருந்தோர் ஆங்கிலமும் கணக்கும் அறிந்த உத்தியோகஸ்தர்கள். ஐயருக்கு வேண்டியிருந்தது சிறுவர்தம் அறியாமை நீங்குதலும் ஒழுக்கம் உயர்தலும். சமய விஷயத்தில் இவர் கொண்டிருந்த கொள்கை கருதத்தக்கது. தம் விசுவாசத்தை இவர் ஒளிக்கவில்லை. மாணாக்கரும் அதனை அறிதல் நலம் என்றே விரும்பினார். ஆயினும் வஞ்சகமான வழி எதனாலும் மாணாக்கரைத் தம் சமயத்தில் இழுத்தலாகாது என்று வரையறுத்தார். பிற சமயத்தார் தம் மக்களை அச்சமின்றி அனுப்பியமைக்கு இதுவே காரணம். உட்டின் அறிக்கை பிற்காலத்தில், பள்ளியிற் போதிக்கப்படும் சமயத்தைப் பரிசோதகர்கள் கவனியாது, உலகியற் கல்வியை மட்டும் சோதித்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. இங்ஙனம் சட்டமாக வந்தது ஐயரிடத்தில் மனச்சாட்சியாக முன்னரே இருந்தது.

எனினும் புகழ்ச்சியோடு நிறுத்துதல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. இவ்வாங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் மேல்நிலையிலுள்ளார் மக்களைக் கருதியே ஏற்பட்டவை. பாம்பனில் வலை இழுத்த பரதவர் பிள்ளையையோ, பனையேறியின் பிள்ளையையோ கருதி டைரக்டர்கள் அந்த 250 வராகனை விதிக்கவில்லை. உப்பு விளைத்தவனும் வலை வீசியவனும் செலுத்திய வரியும் சேர்ந்த கருவூலத்தினின்று, பெரும்பாலும் பிறர் மக்களே பயன் பெற்றனர். ஏழைச் சிறுவர்க்கெனத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும்போது ஐயர் தம் சம்பளத்தையும் அன்பர் நன்கொடையையுமே நம்ப வேண்டியிருந்தது. மேலும் கொடுத்த கையின் இயல்பையும் மறத்தலாகாது. பள்ளிக்கு உதவிய அதே கும்பெனியார் 1795ஆம் ஆண்டில் முத்துராமலிங்க சேதுபதியை அரசினின்றும் நீக்கினர்.

ஐயரின் இறுதிக்காலம் தஞ்சை அரண்மனைக் கவலையிற் கழிந்தது. துளஜா மகாராஜா 1787இல் இறக்குமுன், தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவராகிய சரபோஜியை இவர் பொறுப்பில் ஒப்புவித்தார். அரசேற்ற அமர்சிங்கு அச்சிறுவரை வருத்தியபோது, ஐயர் அரசாங்கத்தாரிடம் முறையிட்டு, சரபோஜி சென்னையிற் பாதுகாப்பாகக் கல்வி கற்குமாறு செய்தார். அதே காலத்தில், திருநெல்வேலியிலிருந்து இவர் அழைத்துவந்து வளர்த்த வேதநாயகம் பிள்ளை என்னும் சிறுவர், இளமையிலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியராகி, பின்னர் வேதநாயக சாஸ்திரியார் எனத் தமிழுலகம் போற்றும் கவிஞரானார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐயர் தஞ்சையிற் காலமானார். தம் சேமிப்பை ஊழியத்துக்கே விட்டுச் சென்றார். அவ்வாண்டிலேயே அரியணை ஏறிய சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு ஐயருக்குப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவக் குருவுக்கு நாட்டிய அச்சின்னம் தஞ்சை ஆலயத்தில் இன்றும் உள்ளது.

ஐயர் பெயரைத் தாங்கிய மேல்நிலைப்பள்ளி இராமநாதபுரத்தில் நிற்கின்றது. இராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மைந்தராகப் பிறந்து, இந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் அப்பள்ளியிற் பயின்றவரே. கிறிஸ்தவப் பள்ளி, முஸ்லிம் மாணவர், கோயில் நகரம் என்னும் மூன்றும் அங்கு ஒன்றுகூடின. 1787இல் கருதப்படாத கடற்கரைப் பிள்ளைக்குக் கதவு திறக்க இத்தனை காலம் பிடித்தது.

இக்காலத்து அறிஞர் சிலர், பணத்தைப் பள்ளிக்குக் கொடாமல் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடுத்து, அவர் விரும்பிய பள்ளியிற் செலுத்தச் செய்யலாம் என்கின்றனர். அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1955ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும் என்றும், அச்செலவை அரசாங்கம் ஈடுசெய்யும் என்றும் விதித்தது. ஆந்திரத்துக் கிராமங்களில் சீட்டுமுறையை நான்காண்டு சோதித்து, 2015இல் வெளியிட்ட ஆய்வு, சீட்டுப் பெற்ற பிள்ளைகள் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவர்க்கு ஏறக்குறையச் சமமாகவும், இந்தியில் மேம்பட்டும் இருந்தனர் என்றும், தனியார் பள்ளிகளின் செலவு மிகக் குறைவு என்றும் கண்டது. ஆதலின் இம்முறையை முற்றும் தள்ளுதலும் ஆகாது. சர்வரோக நிவாரணி என்று கொள்ளுதலும் ஆகாது. சீட்டு விலைபோக வேண்டுமாயின் அண்மையில் இரண்டு பள்ளிகளேனும் இருத்தல் வேண்டும். கடலோரத்து ஒதுங்கிய குப்பம் ஒன்றில் ஒரே பள்ளி உள்ளதாயின், தெரிந்தெடுக்கும் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். அவ்வொரு பள்ளியை நன்கு நடத்துவதே அங்குள்ள பிள்ளைக்கு உற்ற உதவி.

கிறிஸ்தவக் கல்விநிலையங்களில் வளர்ந்த நமக்கு இவ்வினா புறத்தார் வினாவன்று. அரசுதவி பெறும் பள்ளிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர்கட்கு ஊதியம் அளிப்பது அரசாங்கமே. அதே வேளையில் 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்தினின்றும் விலக்கிற்று. நம் பள்ளிகளின் தனியியல்பைக் காக்கும் உரிமை அது. அதனை நாம் மதிக்கின்றோம். ஆனால் சட்டம் விலக்கிய கடமையை மனச்சாட்சி விலக்குவதில்லை. கேளாமலே கணக்கொப்பித்து, 300 ரூபாயையும் ஏழைச் சிறுவர் பள்ளிக்கு ஆக்கியவரின் பெயரைச் சொல்லி நடக்கும் நிலையங்கள், எந்தச் சட்டமும் வற்புறுத்தாவிடினும், வாயிலில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு முதலிடம் அளித்தலே முறையாகும். குடிகளின் பணத்தை ஏற்கும் கை அப்பணத்துக்கு உரிய பிள்ளையையும் ஏற்குமாயின், கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையே தஞ்சைக் குடியானவர் ஐயரிடம் வைத்தது போன்ற நம்பிக்கை வளரும். அந்நம்பிக்கையைச் சம்பாதித்தல் நம் தலைமுறையின் கடன் என்று கூறி இவ்வியாசத்தை முடிக்கின்றோம்.