பறவை நூல் வகுத்த டாக்டர் ஜெர்டன்

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் ஏறி நிற்பார்க்குப் பருந்தின் முதுகைக் காணும் வாய்ப்புக் கிட்டும். கீழே வாழ்வோர் அதன் வயிற்றுப்புறத்தையே என்றும் காண்கின்றனர். கோட்டை மதிலின் ஓரத்திலோ, வெயிலேறிய பாறையினின்று எழும் அனற்காற்றைத் தாங்கிக்கொண்டு, சிறகை அசைக்காமல், நம் காலுக்குக் கீழே அது வட்டமிடும். நகரத்துத் தோல் பதனிடும் சாலைகளையும் இறைச்சிக் கடைகளையும் சுற்றித் திரிவது பிளவுபட்ட வாலையுடைய கரும்பருந்து. குளங்களின் கரையிலும் ஆற்றோரங்களிலும் தாழப் பறந்து மீனும் தவளையும் நண்டும் கவர்வது வெண்தலையும் செங்காவி நிறமும் வாய்ந்த செம்பருந்து. இதனையே நம் மக்கள் கருடன் என்று போற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். வேடசந்தூர்ப் பக்கத்துத் தரிசுகளின்மேல், காற்றில் ஒரே இடத்தில் நின்று, தலையைக் குனிந்து நிலத்தைத் துழாவுவது பாம்புக் கழுகு. உழவரும் வேடரும் இவற்றை வெவ்வேறு பறவைகளாக நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவ்வறிவில் ஒரு பகுதியையேனும் ஏட்டில் ஏற்றி, தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களோடு உலகம் படிக்கும்படி செய்தவருள் தலையாயவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்னும் மருத்துவர்.

இவர் கி.பி. 1811-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியாகிய டர்ஹம் நாட்டில், ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் பயின்றபொழுது, ராபர்ட் ஜேம்ஸன் என்னும் ஆசிரியர் நடத்திய இயற்கை நூல் வகுப்பு இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும் இயற்கை நூல் சோறு போடாது. ஆகவே மருத்துவம் கற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1836-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் வந்திறங்கினார். அப்பொழுது வயது இருபத்துநான்கு.

இவ்விடத்தில் ஒன்று கூறுவது பொருந்தும். இவர் விட்டு வந்த நாட்டிலும் ஒரு செந்நிறப் பருந்து உண்டு. நம் கரும்பருந்தைப் போலவே பிளந்த வாலையுடையது. முற்காலத்தில் லண்டன் மாநகரின் தெருக்களிலேயே அது குப்பை பொறுக்கித் திரிந்தது. ஆனால் வேட்டைக்காடுகளைக் காப்போர் அதனைப் பகையாகக் கருதிச் சுட்டும் நஞ்சிட்டும் கொன்றமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது அற்றுப்போய், வேல்ஸ் நாட்டின் மலைகளில் மட்டும் மிகச்சில எஞ்சின. 1989-ஆம் ஆண்டு முதல் ஸ்வீடன், ஸ்பெயின் முதலிய நாடுகளினின்று குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டதனாலேயே அவ்வானத்தில் மறுபடியும் அது பறக்கின்றது. பருந்துகள் அருகிவந்த நாட்டிலிருந்து புறப்பட்ட இளைஞர், சந்தையில் நடப்பவர் கையிலுள்ள பண்டத்தைப் பருந்து பறித்துச் செல்லும் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

முதலில் கஞ்சம் நாட்டில் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திய படைவீரர்க்கு மருத்துவம் செய்தார். 1837-இல் குதிரைப்படை ஒன்றில் சேர்க்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிப் பக்கம் வந்தார். பின் அப்படையுடன் தக்காணத்து ஜால்னாவுக்குச் சென்று சில ஆண்டு தங்கினார். படை நகரும்போதெல்லாம் அவரும் நகர்ந்தார். நம் ஊரினின்று அறுபது கல் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிச் சமவெளி நம் சமவெளியின் தொடர்ச்சியே. அதே செம்மண், அதே மொட்டைப் பாறை, அதே பருந்துகள். பட்டாளத்து மருத்துவர்க்குக் காலை மாலைகளில் ஓய்வு மிகுதி. பிறர் அவ்வோய்வைச் சீட்டாட்டத்தில் கழித்த காலத்தில், இவர் துப்பாக்கியும் குறிப்பேடும் ஏந்திப் புதர்களிடையே திரிந்தார்.

சேகரித்த பறவைத் தோல்களை இன்னவை என்று துணிந்து கூற அக்காலத்தில் இந்நாட்டில் தக்க நூல் இல்லை. ஆதலால் ஸ்காட்லாந்திலிருந்த வில்லியம் ஜார்டின் என்னும் பறவை நூல் வல்லாருக்கு அவற்றை அனுப்பிவைத்தார். பெட்டி பல திங்கள் கடலில் மிதந்து போய்ச் சேர்ந்தபொழுது, உள்ளிருந்த தோல்களை அந்துப்பூச்சி அரித்திருந்தது. அம்முடிவு கேட்டு வேறொருவர் மனம் உடைந்திருப்பார். ஜெர்டனோ, இனிப் பிறர் தீர்ப்புக்குக் காத்திராமல் தம் கண்ணையே நம்புவது எனத் துணிந்தார். அத்துணிவின் பயனாக, தென்னிந்தியத் தீபகற்பத்துப் பறவைகளின் அட்டவணை 1839, 1840-ஆம் ஆண்டுகளில் சென்னை இலக்கிய விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் 420 வகைப் பறவைகள் இடம்பெற்றன. அவருக்குமுன் கர்னல் சைக்ஸ் வெளியிட்டிருந்த பட்டியலைப்போல் இது ஏறக்குறைய இருமடங்கு. அந்த அந்துப்பூச்சிக்குப் பறவை நூலார் கடமைப்பட்டவர் என்றே தோன்றுகிறது!

1841-இல் ஃப்ளோரா மக்லியாடு என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் செடிகொடிகளில் ஈடுபாடுடையவர். பின்னர் நெல்லூரிலும் தலைச்சேரியிலும் மருத்துவப் பணி புரிந்தார். இக்காலத்தில்தான் 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக அவருடைய இந்தியப் பறவைப் படநூல் சென்னையில் வெளிவந்தது. ஐம்பது படங்கள். அவற்றைத் தீட்டியவர் இந்நாட்டு ஓவியர். அப்படங்கள் எவரிடமும் மன்னிப்புக் கோரவேண்டா என்ற கருத்தில் ஜெர்டன் பெருமிதத்தோடு எழுதினார். இங்கிலாந்தின் ஹ்யூ ஸ்ட்ரிக்லண்டு என்னும் அறிஞரும் அவற்றை மெச்சினார். ஆனால் ஓவியர் பெயரைத் தேடுவார்க்கு நூலின் தலைப்பேட்டில் விடை கிடையாது. தூரிகை பிடித்த கை நம் நாட்டுக் கை. புகழ் பெற்ற பெயர் ஒன்றே. அக்காலத்து வழக்கம் அதுவென்று சொல்லி இதனை எளிதில் கடந்துவிடலாகாது.

இரைகொல்லும் பறவைகளைப் பற்றி எழுதும்போது ஜெர்டனின் எழுதுகோல் தனி உவகை கொள்கிறது. காரணம், அவற்றை வளர்த்துப் பழக்கி வேட்டைக்கு விடும் தொழிலாளர் பலரோடு அவர் நெருங்கிப் பழகியதே. ஷாஹீன் எனப்படும் வல்லூறு நம் மலைப்பாறைகளின் இடுக்குகளில் முட்டையிடுவது. மார்பு செந்நிறம், முதுகு கருநிறம். மற்றப் பறவைகளைப் போல இதனை இரையின்மேல் நேரே கையினின்று ஏவுவதில்லை. வேட்டையாடுவோர் தலைக்கு மேலே, மிக உயரத்தில், அது வட்டமிட்டுக் காத்திருக்கப் பழக்கப்படும். கீழே கௌதாரியோ வரகுக்கோழியோ புதரினின்று கிளம்பியவுடன், சிறகை மடக்கிக்கொண்டு கல் விழுவதுபோல் வீழ்ந்து அடிக்கும். இதனை அவர் நேரிற் கண்டவர் எழுதும் முறையிலேயே எழுதியிருக்கிறார்.

இத்தகைய பறவையைப் பிடிப்பது எப்படி? அவர் ஈர்வான் என்று பெயர் குறித்த பொறியே நம் நாட்டு வேடரின் விடை. பிடிக்க விரும்பும் பறவையின் விரித்த சிறகளவு நீளமுள்ள மெல்லிய பிரம்புச் சீவல் ஒன்று. அதன் இரு முனைகளிலும் சில அங்குலத்துக்கு ஒட்டுப்பிசின். நடுவில் உயிருள்ள ஒரு புறா. வல்லூறு கண்ணுக்குப் பட்டவுடன் வேடன் புறாவைப் பறக்கவிடுவான். அது பிரம்பைச் சுமந்து தள்ளாடிப் பறக்கும். வல்லூறு பாய்ந்து அதனைப் பற்றும்; பற்றிய கணமே அதன் சிறகுகள் பிரம்பின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொள்ள, இரையும் வேட்டுவப் பறவையும் ஒன்றாய்த் தரையில் வீழும். வலையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வல்லூற்றின் வேகமே அதற்குத் தளையாகிறது. புறாவின் கதியை எண்ணினால் நெஞ்சு வருந்தத்தான் செய்கிறது. எனினும் அப்பொறியின் நுண்மையை மறுக்க இயலாது. எழுத்தறியாத வேடன் ஒருவன் பறவையின் பாய்ச்சலையும் சிறகளவையும் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தான் என்பதற்கு ஜெர்டனின் ஏடே சாட்சி. அவ்வேடனுக்கும் அங்கே பெயரில்லை.

இதற்குள் அவர் புகழ் கடல் கடந்தது. மேற்குமலைத் தொடரின் பசுமைக் காடுகளில் வாழும், வெண்ணுனிக் கொண்டையுடைய பருந்து ஒன்றுக்குக் கல்கத்தாவிலிருந்த எட்வர்டு பிளைத் 1842-இல் ஜெர்டனின் பெயரையே இட்டார். எறும்புகளையும் இவர் விடவில்லை. துள்ளிப் பாயும் எறும்பினம் ஒன்றை 1851-இல் உலகுக்கு முதலில் விவரித்தவர் இவரே.

பெருநூல் எழுதும் வாய்ப்பு ஐம்பதாம் வயதை ஒட்டித்தான் வந்தது. கவர்னர் ஜெனரலாயிருந்த கானிங் பிரபு, இவரைப் படைப்பணியினின்று விடுவித்து, இந்திய விலங்கு வகைகளைப் பற்றிய கையேடுகளை எழுதும் தனிப்பணியில் அமர்த்தினார். அவ்வாறு 1862 முதல் 1864 வரை வெளிவந்ததே இந்தியப் பறவைகள் என்னும் நூல். 1008 பறவைகளுக்கு எண்ணிட்டு வகுத்த அந்நூலில் முதலில் நிற்பவை கழுகும் வல்லூறும் பருந்தும் போன்ற இரைகொல்லிகளே. இலத்தீன் பெயருக்குக் கீழே நம் நாட்டு மொழிப்பெயர்களும் நிற்கின்றன. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் செவிவழிச் சென்று சிறிது உருக்குலைந்திருந்தாலும், உற்று நோக்குவார்க்கு நம் பாட்டன்மார் வாய்ச்சொல் புலப்படாமற் போகாது. பிற்காலத்தில் ஹ்யூம் நடத்திய பறவைச் சஞ்சிகையில் எழுதியோர் ஜெர்டன் இட்ட எண்களையே பறவைகளின் அடையாளமாக வழங்கினர். அச்சஞ்சிகையில்தான் 1877-இல், நமக்கு மேற்கே நிற்கும் பழனிமலையின் பறவைகளைப் பற்றி ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மிஷனெரி எழுதிய பட்டியலும் வந்தது.

அந்நூலின் தொடக்கத்தே நிற்கும் பாறுக் கழுகுகளைப் பற்றி இன்று படிப்போர் திகைப்பர். அவர் காலத்தில் இறந்த மாடு கிடந்த இடமெல்லாம் அவை குழுமின. 1990-க்குப் பின்னர், மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து பிணத்தின்வழிச் சென்று அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்க, நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் மாண்டன. 2006-இல் அம்மருந்தை மாடுகளுக்குத் தருவது தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று அவை பெரும்பாலும் நீலகிரியின் அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே கூடு கட்டுகின்றன. துப்பாக்கி ஏந்திய ஜெர்டன் கொன்றவை அவர் பெட்டியில் அடங்கும். மருந்துப் புட்டி கொன்றவை எந்தப் பெட்டியிலும் அடங்கா.

1867-இல் பாலூட்டி விலங்குகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டு, 1868-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் அஸ்ஸாம் நாட்டில் திரிந்தபோது கௌஹாத்தியில் கடும் நோய் பற்றியது. 1870-இல் தாயகம் மீண்ட அவர், 1872-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த அப்பர் நார்வுட்டில் காலமானார். அவர் மறைந்து நூறு ஆண்டு சென்றபின், 1972-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வல்லூற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாயின. பிரம்புச் சீவலும் பிசினும் கொண்டு வானிலேயே அதனைத் தளைத்த வேடரின் வித்தை, இப்பொழுது அவருடைய ஏட்டில் மட்டும் இருக்கிறது.