துணி மில்லில் பிறந்த புல்வெட்டி



கண்டுபிடிப்பாளர்கள் யார் யாருன்னு கேட்டா எடிசன், ஜேம்ஸ் வாட், ரைட் சகோதரர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். எட்வின் பியர்ட் பட்டிங் பெயரை நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கிரிக்கெட் மைதானமும் டென்னிஸ் தரையும் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்க வழி செய்தவர் அவர்தான். நம்ம ஒர்க்ஷாப்பில் நாம் கையில் எடுக்கிற ஸ்க்ரூ ஸ்பேனரின் ஆரம்ப வடிவங்களில் ஒன்றும் அவர் செய்ததே.

பட்டிங் 1796-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஈஸ்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தச்சு வேலையில் தொடங்கி, பிறகு இரும்பு வேலைக்கு வந்து, இயந்திரங்கள் செய்கிற மெக்கானிக் ஆனார். பக்கத்து ஊரான ஸ்ட்ரவுடைச் சுற்றி ஓடைக்கரை எங்கும் கம்பளித் துணி மில்கள். அந்த மில்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

கம்பளித் துணியை நெய்து முடித்ததும் மேலே ரோமம் ஏற்ற இறக்கமாக நிற்கும். அதை ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். முன்பெல்லாம் ஆட்கள் பெரிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கையாலேயே வெட்டினார்கள். 1815-இல் பிரிம்ஸ்கோம்பைச் சேர்ந்த ஜான் லூயிஸ் இதற்காக ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளையின் மேல் திருகாணி போல வளைந்த பிளேடுகள், கீழே அசையாத ஒரு பிளேடு, இரண்டுக்கும் நடுவில் ரோமம். எத்தனையோ பேர் அந்த மாதிரி இயந்திரத்தைப் பார்த்திருப்பார்கள். துணியின் மேல் நிற்கிற ரோமமும் தரையின் மேல் நிற்கிற புல்லும் ஒண்ணுதானே என்று பட்டிங்குக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில் புல்தரையை நீண்ட அரிவாளால்தான் வெட்டினார்கள். பனி ஈரம் காய்வதற்குள் வெட்ட வேண்டும். எங்கப்பாவும் மாட்டுக்குப் புல்லறுக்க விடியற்காலையில்தான் போவார். ஈரப்புல் அரிவாளுக்கு நன்றாக நின்று கொடுக்கும் என்பார். அரிவாள் வீச்சால் வெட்டுகிறது. அதற்குக் கை பழக வேண்டும். அப்படியும் தரை ஒரே மட்டமாக வராது. பட்டிங்கின் இயந்திரமோ கத்தரிக்கோல் போல இரண்டு விளிம்புகளுக்கு நடுவே புல்லைப் பிடித்து வெட்டியது. ஆகவே காய்ந்த புல்லையும் சுத்தமாக வெட்டியது.

19 அங்குல அகலம். பின்னால் ஒரு பெரிய உருளை. ஆள் தள்ளும்போது அது உருண்டு, கியர் வழியாக வெட்டும் உருளையை வேகமாகச் சுழற்றும். வெட்டிய புல் முன்னால் உள்ள தட்டில் விழும். வெட்டும் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

புல் எவ்வளவு நைசாக வெட்டுப்படும் என்பது ஒரு சின்னக் கணக்கு. வெட்டும் உருளை ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 60 மில்லிமீட்டர் முன்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 பிளேடு இருந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைவெளி 12 மில்லிமீட்டர். 10 பிளேடு இருந்தால் 6 மில்லிமீட்டர். இந்த இடைவெளி புல்லின் உயரத்தைவிட மிகுந்தால் தரையில் அலை அலையாக வரி விழும். விம்பிள்டனில் 1995 முதல் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். அங்கே அந்த 5 பிளேடு உருளை உதவாது. அதுக்காக பிளேடைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. உயரமான புல் பிளேடுகளுக்கு நடுவில் நுழையாமல் சிக்கிக்கொள்ளும். பிளேடு ஏன் வளைந்திருக்கிறது? நேராக இருந்தால் முழு நீளமும் ஒரே நேரத்தில் அடிப்பிளேடில் மோதி அதிரும். வளைந்திருந்தால் வெட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக நகரும். ஒற்றை பிளேடு சுழலும் இன்றைய ரோட்டரி மோவர் புல்லை அடித்துத்தான் வெட்டுகிறது. பிளேடு மழுங்கினால் புல்நுனி கிழிந்து பழுப்பாகிவிடும்.

யோசனை பட்டிங்கிடம் இருந்தது, பணம் இல்லை. த்ரப் என்ற ஊரில் ஃபீனிக்ஸ் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஜான் ஃபெரபியுடன் 1830 மே 18-ஆம் தேதி ஒப்பந்தம் போட்டார். செலவு ஃபெரபியுடையது. செய்யவும் விற்கவும் பிறருக்கு உரிமம் கொடுக்கவும் உரிமை ஃபெரபிக்கு. காப்புரிமை ஆகஸ்ட் 31-ஆம் தேதி வந்தது. 1832-இல் இப்ஸ்விச்சைச் சேர்ந்த ரான்சம்ஸ் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது.

நண்பர்களே, அந்த ஆகஸ்ட் 31-க்கு மூன்று நாள் முன்னால், 28-ஆம் தேதி இரவு, கென்ட் பகுதியில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தார்கள். அது பல பகுதிகளுக்கும் பரவியது. அவர்களுக்கு இயந்திரம் என்றால் வேலை போவது. ரீஜன்ட்ஸ் பார்க்கில் உள்ள விலங்கியல் தோட்டம் பட்டிங்கின் இயந்திரத்தை முதலில் வாங்கியவர்களில் ஒன்று. ஆறு முதல் எட்டு ஆள் அரிவாளும் துடைப்பமும் வைத்துச் செய்கிற வேலையை அது செய்வதாக அங்கிருந்த மேற்பார்வையாளர் சான்று கொடுத்தார். பட்டிங்கும் தம் காப்புரிமையில், பணக்கார வீட்டு ஐயாமார்கள் இதை ஓட்டினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று எழுதிவைத்தார். அரிவாளைக் கீழே வைத்த ஆள் எங்கே போனான் என்று அதில் இல்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் அரிவாள் பிடித்தவர்கள். ஆகவே இந்த இடத்தைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் முதுகுவலி எனக்குத் தெரியும். ஆனால் டிராயிங் போர்டில் கோடு போடும்போது அந்த ஆளும் நம் கணக்கில் வரணும்.

பட்டிங் பின்னர் டர்ஸ்லி என்ற ஊருக்குப் போய் ஜார்ஜ் லிஸ்டரோடு கம்பளி சிக்கெடுக்கும் இயந்திரங்களில் வேலை செய்தார்.  1846-இல் காலமானார். விம்பிள்டனில் முதல் டென்னிஸ் போட்டி 1877-இல்தான் நடந்தது. தம்முடைய பிளேடு எந்தெந்த மைதானத்தை உண்டாக்கப் போகிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை.

நாமும் டிப்ளமோ முடித்து மில்லுக்கும் பட்டறைக்கும்தான் போகப் போகிறோம். அங்கே ஓடுகிற இயந்திரத்தைப் பழுது பார்த்துவிட்டு வந்துவிடாமல், இதே வேலை வேறு எந்த இடத்துக்கு உதவும் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்போம். அதோடு, நம் யோசனைக்கு யாராவது பணம் போட வந்தால் ஒப்பந்தத்தில் எந்த உரிமை யாருக்கு என்று முழுசாப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். படிக்க முடிந்த முதல் தலைமுறைக்கு அதுவும் ஒரு பொறுப்பு.



— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்