5 பவுன் கட்ட முடியாமல் உரிமையை இழந்தார்!
ஜெட் எந்திரத்தின் தந்தை பிராங்க் விட்டில் வாழ்க்கை

விமானம் தரை இறங்குகிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு குலுக்கல். அடுத்த சில விநாடிகளில், எந்திரம் முன்னைவிடப் பலமாக இரைகிறது!

முதன்முதலாக விமானத்தில் போகிறவர்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். நிற்க வேண்டிய நேரத்தில் எந்திரத்தை ஏன் முடுக்குகிறார்கள் என்று தோன்றும். மறுபடியும் மேலே கிளம்பப் போகிறதோ என்றுகூடச் சிலர் எண்ணுவது உண்டு.

பயப்பட வேண்டியது இல்லை. இவ்வளவு நேரம் விமானத்தை முன்னே தள்ளிய காற்றை, இப்போது முன்பக்கமாகத் திருப்பி விடுகிறார்கள். அந்த இரைச்சல், விமானத்தின் வேகத்தைக் குறைக்கிற சத்தம்தான்.

வெறும் காற்றைப் பின்னால் பீய்ச்சியே விமானத்தை ஓட்டலாம் என்று சொன்னபோது, ஓர் இளைஞரை யாரும் நம்பவில்லை. அவர் பெயர் பிராங்க் விட்டில்.

மெக்கானிக்கின் மகன்

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்று ஓர் ஊர். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1907-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி பிராங்க் பிறந்தான். தகப்பனார் மோசஸ் விட்டில் ஒரு மெக்கானிக். பிற்பாடு லெமிங்டன் என்ற ஊரில் சிறு பட்டறை ஒன்றை வாங்கினார். வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் செய்கிற பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் பட்டறையில் வேலை செய்வான். தொழில் நொடித்தது. குடும்பத்தில் கஷ்டம் புகுந்தது. பிராங்க் ஊர்ப் பொது நூலகத்தில் உட்கார்ந்து, எந்திரங்களைப் பற்றிய புத்தகங்களையே படித்துக்கொண்டு இருந்தான்.

விமானப்படையில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. 1923-ம் ஆண்டு தொழில் பழகும் பையனாகச் சேரப் போனான். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். வைத்தியப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். காரணம், உயரம் 5 அடிதான். மார்பும் ஒடுங்கி இருந்தது.

பையன் விடவில்லை. அங்கே இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மனம் இரங்கி, என்ன சாப்பிடலாம், எப்படித் தேகப்பயிற்சி செய்யலாம் என்று சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் 3 அங்குலம் வளர்ந்தான்! மறுபடியும் போனான். ஒருமுறை தள்ளப்பட்டவனை மறுமுறை எடுப்பது இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவனோ புது ஆளைப்போல முதலில் இருந்து மனுச் செய்தான். இந்தத் தடவை எடுத்துக்கொண்டார்கள். கிரான்வெல் என்ற இடத்தில் பயிற்சி தொடங்கியது.

மூன்று ஆண்டுகளில் அவன் கெட்டிக்காரத்தனம் மேலதிகாரிகளுக்குத் தெரிந்தது. பையன்களில் சிலரை மட்டும் அதிகாரிகள் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அந்தச் சிலரில் விட்டிலும் ஒருவர் ஆனார்.

விமானம் ஓட்டுவதில் அவர் சூரர். தலைகீழாகப் பறப்பார். 1930-ல் ஒரு கண்காட்சிக்காகக் கோமாளித்தனமாகப் பறந்து காட்டும் ஒத்திகையில், இரண்டு விமானங்களை நொறுக்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிய யோசனை

1928-ல், கல்லூரியில் ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. வருங்கால விமானம் எப்படி இருக்கும் என்று விட்டில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. விமானம் மிக உயரே பறந்தால் அங்கே காற்று மெல்லியது, தடை குறைவு, மணிக்கு 500 மைல் வேகத்தில் போகலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் விமானப்படையின் சண்டை விமானங்கள் மணிக்கு 200 மைலைக்கூட எட்டவில்லை!

அவ்வளவு உயரத்தில் சாதாரண எந்திரமும் அதன் முன்னால் சுழலும் விசிறியும் திணறிப் போகும். அப்படியானால் எதைக் கொண்டு பறப்பது? ஓர் ஆண்டுக்கு மேல் இதே யோசனை. 1929-ல் விடை கிடைத்தது.

ஊதிய பலூனை, வாயைக் கட்டாமல் கையைவிட்டுப் பாருங்கள். காற்று பின்னால் பீறிடும். பலூன் முன்னால் ஓடும். விட்டில் நினைத்த எந்திரமும் அந்த வித்தைதான். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சுழலும் சக்கரத்தால் அதை அமுக்க வேண்டும். அதில் எண்ணெயைத் தெளித்து எரிக்க வேண்டும். சூடேறிய காற்று பின்னால் பாயும். பாயும் வழியில் இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம், முன்னால் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றும். மேலே கீழே ஏறி இறங்குகிற பிஸ்டன் இல்லை. முன்னால் விசிறியும் இல்லை.

சர்க்காரின் விமான இலாகாவுக்குப் போய் விளக்கினார். நடவாத காரியம் என்றார்கள். அவ்வளவு சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு வரும் என்று விட்டில் நம்பினார். 1930 ஜனவரி 16-ந் தேதி, தம் கண்டுபிடிப்புக்குப் பேடண்ட் உரிமை கேட்டு மனுக் கொடுத்தார். உரிமையும் கிடைத்தது. சர்க்கார் இதை ரகசியமாக வைக்க நினைக்கவில்லை. ஆகவே விவரம் அச்சாகி வெளிவந்தது. எந்த நாட்டாரும் படிக்கலாம்!

1935-ம் ஆண்டு ஜனவரியில் அந்த உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5 பவுன். அப்போது விட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பஸ்தர். விமானப்படை அனுப்பி வைத்து கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டு இருந்தார். வருகிற சம்பளம் கைக்கும் வாய்க்குமாக இருந்தது. விமான இலாகா அந்தப் பணத்தைக் கட்ட மறுத்துவிட்டது. விட்டிலாலும் கட்ட முடியவில்லை.

உரிமை போயிற்று! பிற்பாடு உலகம் எங்கும் கோடிக்கணக்கான பணம் புரண்ட ஒரு தொழிலின் முதல் உரிமை, 5 பவுனில் போயிற்று.

எல்லோரும் ஓடினார்கள்

சில மாதங்களில், விமானப்படையில் முன்பு உடன் இருந்த நண்பர் ஒருவர் கடிதம் எழுதினார். அவரும் அவர் கூட்டாளியும் பணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். 1936-ல் பவர் ஜெட்ஸ் என்ற சிறு கம்பெனி தொடங்கியது. கையில் இருந்த முதல் 2 ஆயிரம் பவுன். விட்டில் விமானப்படை அதிகாரி என்பதால், வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் இந்த வேலையைப் பார்க்கலாம் என்று நிபந்தனை. அவரோ இரவு பகல் பார்க்கவில்லை. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பிலும் தேறினார்!

1937 ஏப்ரல் 12-ந் தேதி. ரக்பி நகரில் ஒரு தொழிற்சாலை. எந்திரத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் நாள்.

விட்டில் எண்ணெய்க் குழாயைத் திறந்தார். எந்திரம் சுழலத் தொடங்கியது. திடீரென்று வேகம் மளமளவென்று ஏறியது. ஊளையிடும் சத்தம் காதைத் துளைத்தது. எரியும் அறையின் இரும்புத் தகடு ஆங்காங்கே சிவந்தது. விட்டில் குழாயை மூடினார். அப்படியும் வேகம் ஏறிக்கொண்டே போனது!

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். விட்டில் ஒருவரே நின்றார். அது வீரம் அல்ல, பயத்தில் கால் நகரவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எந்திரம் தானாக அடங்கியது. பிறகுதான் காரணம் தெரிந்தது. ஓட்டுவதற்கு முன்பே எண்ணெய் கசிந்து அடியில் குளம்போல் தேங்கி இருந்தது. அது எரிந்து தீரும் வரையில் எந்திரம் ஆடித் தீர்த்துவிட்டது.

இதற்குள் ஜெர்மனியில், ஹான்ஸ் வான் ஒஹைன் என்ற இளம் விஞ்ஞானியும் ஜெட் எந்திரம் செய்யத் தொடங்கினார். அவருக்குப் பெரிய விமானக் கம்பெனி ஒன்று பணத்தை அள்ளிக் கொடுத்தது. 1939 ஆகஸ்டு 27-ந் தேதி அவருடைய எந்திரம் பொருத்திய விமானம் பறந்தது. உலகில் முதலில் பறந்த ஜெட் விமானம் அதுவே.

விட்டில் எந்திரம் பறந்த நாள் 1941 மே 15. இடம், அவர் பையனாகச் சேர்ந்த கிரான்வெல். பகல் முழுவதும் மேகமூட்டம். மாலையில் வானம் தெளிந்தது. ஜெரி சேயர் என்ற விமானி ஏறிக் கிளம்பினார். 17 நிமிடம் பறந்து, பத்திரமாக இறங்கினார்.

வேகம் வந்தது; நிறுத்துவது எப்படி?

யுத்தம் முடிந்ததும் ஜெட் எந்திரத்தைப் பயணி விமானங்களிலும் பொருத்த முனைந்தார்கள். பி.ஓ.ஏ.சி. என்ற விமானக் கம்பெனிக்கு விட்டில் 1948 முதல் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். அந்தக் கம்பெனியின் காமெட் விமானம் 1952 மே 2-ந் தேதி லண்டனில் இருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதே ஆண்டில் கொழும்புக்கும் வந்தது.

இப்போது புதுத் தொல்லை. பழைய விமானங்களில், தரை இறங்கியதும் விசிறியின் இதழ்களைத் திருப்பி வைத்து, காற்றை முன்னே தள்ளலாம். படகோட்டி துடுப்பை எதிர்ப்பக்கமாகப் போடுவது போல! ஜெட் விமானத்தில் விசிறி ஏது? போதாக்குறைக்கு, எந்திரத்தை எவ்வளவு அடக்கினாலும் பின்னால் கொஞ்சம் காற்று வந்துகொண்டே இருக்கும். அது விமானத்தை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இறங்கும் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்கில் எழும் சூடு நான்கு மடங்காகும். ஓடுபாதை மழையில் நனைந்திருந்தால் சக்கரம் வழுக்கும். சில போர் விமானங்களில் பின்னால் பாராசூட்டை விரித்து நிறுத்தினார்கள். பயணி விமானத்துக்கு வேறு வழி வேண்டி இருந்தது.

குழாயில் இருந்து கொட்டும் தண்ணீரில் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுங்கள். தண்ணீர் திரும்பி உங்கள் மேலேயே தெறிக்கும். அதே வழியைத்தான் பிடித்தார்கள். எந்திரத்தின் பின்வாயில், இரண்டு கைகளைக் குவித்தது போல இரண்டு மூடிகள். தரையைத் தொட்டதும் அவை வந்து குறுக்கே நிற்கும். பின்னே போகும் காற்று முட்டித் திரும்பி, முன்பக்கமாகச் சாய்ந்து பாயும். எந்திரம் எப்போதும்போல் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. திரும்புவது காற்று மட்டும். 1958-ல் ஓடத் தொடங்கிய போயிங் 707 விமானத்தில் இந்த ஏற்பாடு இருந்தது.

இதைச் செய்தவர் விட்டில் அல்ல. வேறு பலருடைய உழைப்பு. ஆனால் இன்றைய விமானங்களில் திருப்பிவிடப்படும் காற்று எது என்று பார்த்தால், விட்டிலின் கைவண்ணம் தெரியும்.

1936-லேயே அவர் இன்னொரு யோசனையையும் பதிவு செய்திருந்தார். உள்ளே வரும் காற்றை எல்லாம் எரிக்க வேண்டாம். பெரும்பகுதியை எரியும் அறைக்கு வெளியே சுற்றி அனுப்பினால் எண்ணெய் மிச்சமாகும் என்பது அந்த யோசனை. அப்படி ஓர் எந்திரத்தைச் செய்யவும் தொடங்கினார். 1944-ல் சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. 1960-ம் ஆண்டு வாக்கில்தான் அந்த வகை எந்திரங்கள் பயணி விமானங்களில் வந்தன. இன்றைய பெரிய விமானங்கள் எல்லாம் அந்த வகைதான்.

சுற்றி வரும் அந்தக் குளிர்ந்த காற்றைத்தான் இன்று திருப்புகிறார்கள். எந்திரத்தின் உறையில் ஒரு பகுதி பின்னால் நகரும். உள்ளே கதவுகள் மடங்கி வழியை அடைக்கும். வேறு வழி இல்லாத காற்று, பக்கத்தில் உள்ள சாய்ந்த தகடுகளின் இடையே புகுந்து முன்பக்கம் பாயும். ஜன்னல் ஓரம் இருந்தால், உறை நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் இதனால் பலன் அதிகம். மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்கு இறங்கியதும் விமானி காற்றைத் திருப்புவதை நிறுத்திவிடுவார். இல்லாவிட்டால் முன்னே வீசிய புழுதியை எந்திரமே விழுங்கிவிடும். விமானத்தை நிறுத்தும் பெரிய வேலை சக்கரத்தின் பிரேக்குக்குத்தான். உலர்ந்த பாதையில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்குப் போடும்போது, இந்த எதிர்க்காற்றைச் சேர்ப்பதே இல்லை. மழை நாளில்தான் இதன் அருமை தெரியும். சக்கரம் வழுக்கினாலும் காற்று வழுக்காது.

வானத்தில் பறக்கும்போது இந்தக் கதவு திறந்துகொண்டால் ஆபத்து. 1991 மே 26-ந் தேதி, பாங்காக்கில் இருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய விமானத்தில் அப்படி நேர்ந்து 223 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கூடுதல் பூட்டுகள் போடப்பட்டன.

கடைசி நாட்கள்

விட்டிலுக்கு யுத்த காலம் நிம்மதியைக் கொடுக்கவில்லை. எந்திரத்தைச் செய்து தர அமர்த்தப்பட்ட கம்பெனிகளோடு ஓயாத தகராறு. தூக்கம் இல்லை. மருந்தை விழுங்கி விழித்து இருந்தார். உடல் இளைத்தது, நரம்பு தளர்ந்தது. பலமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1944-ல் அவருடைய கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1948-ல் உடல்நிலை காரணமாகப் படையை விட்டு விலகினார். அந்த ஆண்டுதான் சர்க்கார் 1 லட்சம் பவுன் பரிசு கொடுத்தது. சர் பட்டமும் வந்தது. 5 பவுனை மறுத்த அதே சர்க்கார்!

1976-ல் அமெரிக்காவில் குடியேறினார். போட்டியாளராக இருந்த ஒஹைன் அங்கே நண்பர் ஆனார். 1991-ல் டிரேப்பர் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

1996 ஆகஸ்டு மாதம் விட்டில் காலமானார். வயது 89. அவர் உடல் அமெரிக்காவில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, கிரான்வெல்லில் உள்ள தேவாலயத்தில் வைத்தார்கள்.